டீச்சர் காருக்கு டர்போ வைத்த கதை

ஆயுத பூஜை மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்க வேண்டும் என்று நம் மெக்கானிக் சங்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். முப்பத்தாறு வருஷம் டீசல் எஞ்சினில் கைவிட்டவன் நான். சொல்லிக்கொள்ள நல்ல கதைகள் நிறையவே இருக்கின்றன. வைகை அணைப் பக்கம் நடுரோட்டில் நின்றுபோன கல்யாண வேனை ஒரு சைக்கிள் டியூப்பை வைத்து முகூர்த்தத்துக்கு முன்னால் ஊர் சேர்த்தது உண்டு. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்குள் மாட்டிய வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டி வெளியே கொண்டுவந்தது உண்டு. அதெல்லாம் பெருமைக் கதை, டீ வாங்கிக் கொடுத்தால் நேரில் சொல்கிறேன். இங்கே எழுதப்போவது என் அசிங்கத்தை.

ஒரு மனுஷன் மேல் நான் பட்ட பொறாமையைத்தான் எழுதப்போகிறேன். அந்த மனுஷன் சேவியர். உங்களில் பாதிப் பேர் இப்போது அவனுடைய பட்டறையில்தான் வேலை பார்க்கிறீர்கள். ஆகையால் அவனும் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

கம்பத்தில் நான் வேலை பார்த்த பட்டறைக்குச் சேவியர் வந்தபோது எனக்கு வயது ஐம்பது, அவனுக்கு முப்பத்திரண்டு. திண்டுக்கல் பக்கத்துக்காரன். கோட்டயத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, உத்தமபாளையத்தில் பெண்ணெடுத்து இங்கே வந்து சேர்ந்தான். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். முதல் நாள் என்னை "சேட்டா" என்று கூப்பிட்டான். "இங்கன அண்ணேன்னு கூப்பிட்டாப் போதும்" என்றேன். "ஆயிக்கோட்டே அண்ணே" என்று சிரித்தான், ஆகட்டும் என்று அர்த்தம். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

பதினோரு வருஷமாக அந்தப் பட்டறையில் நான்தான் ஹெட் மெக்கானிக். டீக்கடைக்காரர் தூக்கில் டீ கொண்டுவந்தால் முதல் கிளாஸ் என் கைக்குத்தான் வரும். அது எழுதிவைக்காத சட்டம். சேவியர் வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் ஒருநாள் அந்த முதல் கிளாஸ் அவன் கைக்குப் போனது. டீக்கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை, அவன் வாசலுக்குப் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். ஆனால் நான் அன்றைக்கு டீயே குடிக்கவில்லை.

போனட்டைத் திறக்காமலே காதை மட்டும் கொடுத்துவிட்டு "மூணாவது இன்ஜெக்டர்" என்பான். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான். ஒரு தடவையாவது நாலாவதாக இருக்கக்கூடாதா கருப்பசாமி என்று நான் மனசுக்குள் வேண்டியிருக்கிறேன். போதாததற்கு ஆள் நல்லவன் வேறு. என் ஸ்பானரை எடுத்தால் கேட்டு எடுப்பான், துடைத்து வைப்பான். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம், இவனிடம் அதற்கும் வழியில்லை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவன் புராணம்தான். ஒருநாள் என்னைத் தேடி வந்த இடத்தில் எங்கள் வீட்டு மிக்ஸியைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "ஏங்க, அந்தத் தம்பி ரெண்டே நிமிஷத்துல ஓட வச்சுட்டாப்ல. நீங்க ஆறு மாசமா பாக்குறேன் பாக்குறேன்னு சொன்னீக" என்றாள் என் மனைவி. அந்த மிக்ஸியில் அரைத்த சட்னி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அனுமந்தன்பட்டி ஆரோக்கிய டீச்சர் தன் காரைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கை கியர் வைத்த பழைய டீசல் கார். அவருடைய அப்பாவும் வாத்தியார்தான், அவர் வாங்கிய வண்டி அது. டீச்சருக்கு வேலை கம்பம்மெட்டுக்கு அந்தப்பக்கம், எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒன்றில். தினமும் இன்னும் மூன்று டீச்சர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறவேண்டும். கார் பாதி மலையிலேயே மூச்சு வாங்கும். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும்.

"கூட வர்றவுக எல்லாம் இனி ஜீப்புலயே போயிருவோம்கிறாக. வித்துருங்கன்னு வீட்லயும் சொல்றாக. எங்கப்பா வண்டிய நான் விக்க மாட்டேன். ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று டீச்சர் கேட்டது என்னிடம். ஹெட் மெக்கானிக் நான்தானே. "வயசாயிருச்சு டீச்சர், அதுக்கு மேல அது என்ன செய்யும்" என்றேன். முடிந்தது கதை என்று நான் திரும்பும்போது சேவியர் கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"டர்போ வச்சுரலாம் டீச்சர்."

பட்டறையே சிரித்தது. எல்லாரிலும் சத்தமாகச் சிரித்தவன் நான். புதியவர்களுக்காகச் சொல்கிறேன், டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றுகிற ஒரு சின்னச் சக்கரம். அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், வண்டிக்கு இழுவை வரும். அந்தக் காருக்குக் கம்பெனி டர்போ வைக்கவே இல்லை. சேவியர் தேனியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு வேனின் எஞ்சினிலிருந்து டர்போவைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஆயில் போகிற குழாய் ஒரு பழைய டிராக்டருடையது. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடையில் வைக்கும் இரும்புத் தட்டை லேத்தில் தானே நின்று கடைந்து வாங்கினான். "செத்த வண்டி நெஞ்ச எடுத்து கெழட்டு வண்டிக்கு வைக்கப் போறானாம்" என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிக் கேலி செய்தேன்.

ஆனால் மூன்று வாரம் அவன் வேலை செய்ததை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை. நானாக இருந்தால் ஆசைப்பட்டு டீசலை அள்ளிக் கொடுத்திருப்பேன், எஞ்சின் ஒரு மாசத்தில் உருகியிருக்கும். அவன் பழைய எஞ்சின் தாங்குகிற அளவுக்கு மட்டும் திறந்தான். "டீச்சருக்கு ரேஸ் வேணாம் அண்ணே, மலை ஏறினாப் போதும்" என்றான். இந்த அறிவு நமக்கு ஏன் வரவில்லை என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது, சின்னமனூர்ப் பக்கம் ஒரு வடநாட்டு லாரி பட்டறை முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார், எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. டீசல் வீணாகிறதே என்று நான் ஏறி நிறுத்தினேன். அந்த மனுஷர் டீயைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் பிடரியில் ஒன்று வைத்தார். பெயர் தெரியாது, அவர் பேசிய பாஷையும் அரைகுறையாகத்தான் புரிந்தது. விஷயம் மட்டும் புரிந்தது. பாரம் இழுத்து வந்த டர்போ தணலாகக் கிடக்கும், அதன் அச்சுக்கு எஞ்சின் ஓடினால்தான் ஆயில் வரும். இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்காமல் நிறுத்தினால் அச்சில் இருக்கிற ஆயில் கருகிக் கரியாகிவிடும். தினமும் கருகினால் ஒருநாள் அச்சு போகும். அந்த அடியை நான் மறந்ததே இல்லை.

சேவியருக்கும் இது தெரியும். "வண்டிய நிப்பாட்டும் முன்னால் இரண்டு நிமிஷம்" என்று கையால் எழுதி டீச்சர் கண்ணில் படுகிற மாதிரி டேஷ்போர்டில் ஒட்டியிருந்தான். அதிலும் அவன் எழுத்து என் எழுத்தைவிட அழகு.

வேலை முடிந்து ட்ரையல் பார்க்கக் கிளம்பினோம். "நீங்களும் வாங்க அண்ணே, உங்களுக்குத்தான் இந்த மலை தெரியும்" என்று அவனேதான் என்னைக் கூப்பிட்டான். அன்று காலையில்தான் முதலாளி எல்லார் முன்னாலும், "இனிமே எஞ்சின் வேலையில சேவியர் சொல்றதுதான் முடிவு" என்று சொல்லியிருந்தார். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் மலை ஏறியது. ஏறியதா, ஓடியது! எந்த ஜீப்பு ஹாரன் அடித்ததோ அதே ஜீப்பைத் தாண்டிப் போனது. என் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கடைசிக் கொண்டை ஊசி வளைவில் ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு சூலமும் அரிவாளும் விபூதித் தட்டும்தான். இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏறி வந்தவுடன் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார்கள். சாமி முன்னால் வண்டி உறுமக்கூடாது. நெற்றியிலும் ஸ்டியரிங்கிலும் விபூதி பூசிக்கொண்டு மறுபடி கிளப்புவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வருவதால் அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சேவியருக்குக் குமுளி ரோடுதான் பழக்கம், இந்தப் பாதையில் அன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறான். கோயிலை அவன் பார்க்கக்கூட இல்லை, நிற்காமல் தாண்டினான்.

அந்த நொடியில் எனக்குப் பளிச்சென்று பட்டது. டீச்சர் இங்கே நிற்பார். சிலுவை போடுகிற வேதக்காரராக இருந்தாலும் கூட வருகிறவர்களுக்காக நிற்பார், அவருடைய அப்பாவும் நின்றவர்தான். மலையிலேயே செங்குத்தான ஏற்றத்தை ஏறிமுடித்த மறு நொடி, டர்போ தணலாக இருக்கும்போது, சாவியைத் திருப்புவார். தினமும் அதே இடத்தில் திருப்புவார். சேவியர் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு நிமிஷம் ஓடவிடுவார். ஆனால் கோயிலில் நிற்பது யார் கணக்கிலும் 'வண்டியை நிப்பாட்டுவது' இல்லை, அது சாமி கும்பிடுவது.

சொல்ல வாயைத் திறந்தேன். சேவியர் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எப்படி அண்ணே?" என்றான். வாயை மூடிக்கொண்டேன். "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

கார் மலையிலிருந்து விழவேண்டும் என்றா நினைத்தேன்? சத்தியமாக இல்லை. இரண்டு மாசத்தில் டர்போ கெட்டு, புகை கக்கிக்கொண்டு கார் பட்டறைக்கு வரும், சேவியர் தலையைச் சொறிவான், அப்போது நான் போய் நின்று "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மெக்கானிக் மனசுக்குள் இப்படி ஒரு ஆசை வந்தால் கையிலிருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடவேண்டும். நான் போகவில்லை. டீச்சர் வந்து "ஆயில் கொஞ்சம் கொறையுது" என்று சேவியரிடம் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டேன். அவன் குழாய்களை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தான். நான் பீடி பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மூன்று மாசம் போனது. கம்பம்மெட்டில் ஒரு தோட்டத்து ஜீப்பு நின்றுவிட்டது என்று போன் வந்தது. சேவியர் தேனிக்குப் போயிருந்தான். "டீச்சர் கார் இப்ப மேல போகும், அதுல ஏறிக்கங்க" என்றார் முதலாளி. டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் மூன்று டீச்சர்கள், பரீட்சைத்தாள் கட்டுகளோடு. கோயில் வளைவு வந்தது. ஆரோக்கிய டீச்சர் காரை ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினார்.

"எங்கப்பா இங்கன வந்தா எஞ்சின நிப்பாட்டிருவாக. அந்தப் பழக்கம்தான் எனக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சிலுவை போட்டுக்கொண்டார். மற்றவர்கள் இறங்கி விபூதி பூசினார்கள். கோயிலுக்கு நின்ற நேரம் இரண்டு நிமிஷம்தான். எஞ்சின் ஓடியிருக்க வேண்டிய இரண்டு நிமிஷமும் அதேதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கிளப்பியதும் பின்னால் நீலப்புகை வந்தது. ஐம்பது அடி போயிருக்கமாட்டோம், எஞ்சின் தானாகக் கத்த ஆரம்பித்தது. டீச்சர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், சத்தம் இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பினார், எஞ்சின் அணையவில்லை. டர்போ அச்சு போய், அதன் வழியாக எஞ்சினுடைய ஆயிலே காற்றோடு உள்ளே போய் எரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டீசலை நிறுத்தி என்ன பிரயோஜனம், அது தன் ரத்தத்தையே குடித்து ஓடிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் பள்ளம், பின்னால் ஜீப்பு வரிசை. "ஆத்தா! மாதாவே!" என்று பின்னால் அலறினார்கள்.

தம்பிகளா, இந்த நேரத்தில் போனட்டைத் திறக்கப் போகாதீர்கள். எஞ்சின் வெடித்தால் முகம் இருக்காது. காற்றுக் குழாயை வெறும் கையால் பொத்தவும் போகாதீர்கள். எனக்கும் முதலில் கதவைத் திறந்து குதிக்கத்தான் தோன்றியது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"டீச்சர், ஸ்டியரிங்க மலைப்பக்கம் ஒடிங்க! பிரேக்க நல்லா மிதிங்க, எடுக்காதீக! நாலாவது கியரப் போடுங்க!"

"என்ன சொல்றீக?"

"நாலாவது! போட்டுக் கிளட்ச்ச டக்குன்னு விடுங்க!"

நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். அந்த அம்மா கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டார். சக்கரம் பிரேக்கில் பிடித்திருக்க, மேல் கியரில் எஞ்சினுக்கு இழுக்க வலுவில்லாமல், கார் ஒரு உதறு உதறி, முன்பக்கம் மலைப்பாறையில் முட்டி, செத்து நின்றது. பின் சீட்டிலிருந்து ஒரு பரீட்சைத்தாள் என் தோளில் வந்து விழுந்தது.

சாயங்காலத்துக்குள் கம்பம் முழுக்க என் பெயர்தான். நாலு உசிரைக் காப்பாற்றிய மனுஷன். முதலாளி சேவியரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "கண்ட பழைய சாமான மாட்டி நாலு பொம்பளைகளக் கொல்லப் பாத்தியேடா" என்று கத்தினார். அவன் தலைகுனிந்து நின்றான். என்னிடம் வந்து, "நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் டீக்கடைக்காரர் முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார். எழுதவே கூச்சமாக இருக்கிறது, அந்த டீ ருசியாகத்தான் இருந்தது.

ஆரோக்கிய டீச்சர் மட்டும் கோபப்படவில்லை. காரைப் பார்க்க வந்தவர், "அந்தப் பிள்ளை தெரியாமத்தான செஞ்சிச்சு. தெரிஞ்சு செஞ்சாத்தான் பாவம். அதையே திரும்பச் சரி பண்ணச் சொல்லுங்க" என்றார். எனக்கு எதிரில் நின்றுதான் சொன்னார். நான் ஒரு நட்டைத் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

சேவியர் டர்போவைப் பிரித்து, கரிபிடித்த அச்சை உள்ளங்கையில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. பயந்து ஓடிவிட்டான் என்று நான் சொன்னேன். அவன் பஸ் ஏறி அந்தக் கோயில் வளைவில் இறங்கி, காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறான். வருகிற வண்டி எல்லாம் நிற்பதையும், அணைப்பதையும், கிளம்புவதையும் பார்த்திருக்கிறான். நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதியோடு பட்டறைக்குள் வந்தான். நேராக என்னிடம் வந்து நின்றான். குரலில் கோபம் இல்லை.

"அண்ணே, ட்ரையல் அன்னிக்கு அந்தக் கோயிலத் தாண்டுறப்ப நீங்க என்னமோ சொல்ல வாயெடுத்தீக. என்ன அது?"

ரோட்டைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேனே, என்னையும் பார்த்திருக்கிறான்.

"வெத்தல இருக்கான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்து, "ஆயிக்கோட்டே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இன்னொரு டர்போ தேடிக் கொண்டுவந்து அதே காருக்கு வைத்தான். கோயில் பூசாரியிடம் போய்ப் பேசி, வளைவில் ஒரு தகரப் பலகை வைத்தான். 'டர்போ வண்டிகள் எஞ்சினை நிறுத்த வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.' இப்போதும் அங்கே இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இந்த மலையில் பிறந்தவன் நான், அந்தப் பலகையை வைத்திருக்க வேண்டியவன் நான். டீச்சர் ரிட்டயர் ஆகும்வரை அந்தக் கார் மலை ஏறியது.

சேவியர் அதற்கப்புறமும் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். நான் வேலையை விட்ட அன்று மாலை போட்டவனும் அவன்தான். ஆனால் அதற்குப் பிந்தைய ஏழு வருஷத்தில் எத்தனையோ எஞ்சின் இறக்கி ஏற்றினோம், ஒரு ட்ரையலுக்குக்கூட என்னை அவன் கூப்பிடவில்லை. நான் கதவுப் பக்கம் போய் நிற்பேன். அவன் வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு போவான்.

சேவியரு, அன்றைக்கு நான் வெற்றிலை கேட்க வாயெடுக்கவில்லை. "தம்பி, இங்கன எல்லாரும் எஞ்சின நிப்பாட்டுவாக." இதைத்தான் சொல்ல வந்தேன்.